வெள்ளிக்கிழமை வைத்த இரண்டு தட்டுகள்

ஹோலியோக்
சாம்பல் புதன், பிப்ரவரி 8, 1989

பெர்னடெட்டுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் பாதி பொய்யாகிவிடும். நீ நன்றாக இருப்பதாக ரோஸலீன் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். என் மகள் வாயில் எது தங்கியிருக்கிறது?

விஷயம் ஒன்றுதான். மேய்ன் பக்கம் போகும்போது ஒரு மின்சாரப் பானையை இங்கே விட்டுவிட்டுப் போனாயே, அந்த ஸ்லோ குக்கர், அது பாத்திர அலமாரியின் மேல்தட்டில் தூசி பிடித்துக் கிடக்கிறது. மார்ச் 17, பாட்ரிக் திருநாளுக்கு உப்பு மாட்டுக்கறியை அதில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். நாற்பது வருடம் அடுப்பில் வைத்தவளுக்கு இப்போது என்ன வந்தது என்று கேட்காதே. தண்ணீர் எவ்வளவு, கிழங்கு எப்போது, முட்டைக்கோஸ் எப்போது, இதை மட்டும் எழுது. அதன் முன்னால் ஒரு குமிழ் இருக்கிறது. அதை எந்தப் பக்கம் திருப்பினால் வீடு எரியாது என்றும் எழுது.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தச் சமையலறையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நான் சொன்னதை நீயும் மறந்திருக்க மாட்டாய். அது அப்படியே இருக்கட்டும். பானையைப் பற்றி எழுது.

லொரெட்டா ஸ்கேன்லன்


பேங்கர், மேய்ன்
பிப்ரவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. பானைதான் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, அதை மறைப்பானேன்.

கறியை முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போடுங்கள். இரண்டு தடவை தண்ணீரை மாற்றினால் உப்பு மட்டுப்படும். உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப் எல்லாம் அடியில். கிழங்குதான் கறியைவிட மெதுவாக வேகும், அதனால் சூடு அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கறியை அதன் மேல், கொழுப்புப் பக்கம் மேலாக வையுங்கள். மிளகு, பிரிஞ்சி இலை. கறி மூழ்கும்வரை தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். குமிழை இடது பக்கம் திருப்பினால் குறைந்த சூடு. விடிகாலையில் போட்டால் சாயங்காலச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும். முட்டைக்கோஸைக் கடைசியில்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சியாகிவிடும். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் உள்ளே இருக்கும் சூடெல்லாம் போய், மறுபடி ஏற வெகு நேரமாகும். நீங்கள் திறப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

வால்ட்டர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், மனைவியைப் பறிகொடுத்தவர், நல்ல மனிதர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி உங்களிடம் எதுவும் சொல்லப்போவதில்லை. உங்கள் மகன் டெனிஸ் காணாமல் போய் ஏழு வருடம் ஆகிவிட்டதால் கோர்ட்டில் இறந்தவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கோர்ட்டில் கல்யாணம் பண்ணிக்கொள்ள நான் விரும்பவில்லை. கோயிலில்தான் வேண்டும். "பெத்த தாயே மகன் உயிரோட இருக்கான்னு சொல்லும்போது, செத்துட்டான்னு ஆயர் எப்படிம்மா எழுதுவார்?" என்று கேட்கிறார் உங்கள் லேஹி சாமியார். உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். அதைத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னாலும் கேட்டேன்.

பெர்னி


ஹோலியோக்
பிப்ரவரி 20

பெர்னி,

பானைக்கு நன்றி. மூடியைத் திறக்க மாட்டேன்.

அடுப்பை ஏன் விட்டேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நீ அழுதாலும் சரி, சிரித்தாலும் சரி.

டெனிஸ் போன மறுவருடத் திருநாளுக்கு அவன் இடத்தில் தட்டு வைத்தேன். நீயும் அன்று சாப்பிட வந்திருந்தாய், கோபப்பட்டு மாடிக்குப் போய்விட்டாய். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த வருடம் நான் பக்கத்து வீட்டுக்குக் கடுகு விழுது கேட்கப் போய்த் திரும்பியபோது அவன் நாற்காலி வெளியே இழுத்துப் போட்டபடி இருந்தது. யாரும் இல்லை. பின்கதவு தாழ் போடாமல் இருந்தது, எப்போதும் அப்படித்தான் இருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் பிறகு ஒரு வருடம் சட்டியின் மூடி திறந்து பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. நான் ஒரு நாளும் மூடியைக் கவிழ்த்து வைக்க மாட்டேன், மேசையில் ஈரம் படும்.

நான் வீட்டில் இருந்தால் ஒன்றும் நடப்பதில்லை. வீடு காலியாக இருக்க வேண்டும். அவனுக்கு என் முகத்தைப் பார்க்க வெட்கமோ, வருத்தமோ, எனக்குத் தெரியவில்லை. அதனால் போன வருடம் அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுப் பூசைக்குப் போனேன். திரும்பி வந்தபோது சமையலறை முழுக்கப் புகை. தண்ணீர் வற்றிச் சட்டி கரிந்துவிட்டது. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பார்க்கிறேன், கரியாத மேல்பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்திருந்தது. இழைக்குக் குறுக்கே இல்லை, இழையோடு நீளவாக்கில். இந்த வீட்டில் கறியை அப்படிப் பாழாக்குகிறவன் ஒருத்தன்தான்.

ரோஸலீனிடம் சொன்னேன். "அம்மா, அது பக்கத்து வீட்டு நாயா இருக்கும்" என்றாள். "நாய் கத்தி பிடிக்குமாடி?" என்று கேட்டேன். "அப்ப நீதான் வெட்டிட்டு மறந்திருப்பே" என்றாள். அதிலிருந்து மூளை டாக்டரிடம் கூட்டிப்போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால்தான் உன் பானை. வீட்டை எரிக்காமல் வெளியே போக எனக்கு வழி வேண்டும்.

இப்போது நீயே சொல். கால்வாய்க் கம்பி வலையில் கிடைத்தது ஒரு தொப்பி. காகித மில்லில் மதகு பார்க்கிறவன் தொப்பி கால்வாயில் விழுவது ஒரு அதிசயமா? ஐஸ் உடைந்து தண்ணீர் சுழித்தோடிய வாரம் அது, ஆளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஒரு தொப்பியைப் புதைத்துவிட்டு என் பிள்ளை செத்துவிட்டான் என்று ஆயருக்கு எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவனை எப்படிச் செத்தவன் என்பேன்?

லொரெட்டா


பேங்கர்
பிப்ரவரி 27

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை வால்ட்டரிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. படித்த அன்று வீட்டிலிருந்த எல்லா விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம்.

நீங்கள் ஒன்றை யோசித்தே பார்த்ததில்லை. டெனிஸ் உயிரோடு இருந்தால் உங்களுக்கு அது வரம். என் பிள்ளை எங்கோ இருக்கிறான், ஒரு நாள் வருவான் என்று நீங்கள் ஜபமாலை உருட்டலாம். எனக்கு? அவர் உயிரோடு இருந்தால் என்னை விட்டுப் போனவர். காலையில் காபி குடித்துவிட்டு, என் தலையைத் தொட்டுவிட்டு, தொப்பியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு ஓடிப்போனவர். ஏழு வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவை அம்மா வீட்டுக்கு வந்து கறி தின்றுவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த என்னை எட்டிக்கூடப் பார்க்காமல் போனவர். நீங்கள் ஆசைப்படுவது இதற்குத்தான். அவர் செத்தால்தான் அவர் என் புருஷன், அத்தை.

அவர் நாற்காலியை நீங்கள் பார்க்கிறீர்கள். நான் கூட்டத்தில் அவர் முதுகைப் பார்க்கிறேன். கடையில், பஸ் நிலையத்தில். பின்னாலேயே போய் முகத்தைப் பார்த்து வேறு ஆள் என்று தெரியும்வரை மூச்சு விடுவதில்லை. தெரிந்ததும் எனக்கு வருவது ஏமாற்றம் இல்லை, நிம்மதி. அதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

சரி. உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். காலண்டரைப் பார்த்தீர்களா? இந்த வருடம் திருநாள், கறி தொடக் கூடாத தவக்கால வெள்ளிக்கிழமையில் வருகிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி வந்ததே, நினைவிருக்கிறதா? சுத்தபோசனம் வேண்டாம், அன்று கறி சாப்பிடலாம் என்று ஆயர் அனுமதி கொடுத்தார். ஊரே சாப்பிட்டது. டெனிஸ் மட்டும் காட் மீன் உருண்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆயர் சாப்பிடலாம்னா ஆயர் சாப்பிடட்டும். எனக்கு வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமைதான்" என்றார். பத்து வயதில் தவக்கால வெள்ளியில் யாருக்கும் தெரியாமல் ஒரு கறி சாண்ட்விச் தின்ற அன்றுதான் மாமா மில்லில் விழுந்து செத்தார் என்று என்னிடம் கல்யாணமான புதிதில் சொன்னார். அதற்குப் பிறகு உயிர் போனாலும் தொட மாட்டார். அது உங்களுக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்குக் கறி வையுங்கள். உயிரோடு இருக்கிறவர் தொட மாட்டார். செத்தவருக்குச் சுத்தபோசனம் கிடையாது. தட்டைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

பெர்னடெட்


ஹோலியோக்
மார்ச் 3

பெர்னி,

கோபத்தில் எழுதினாய் என்று தெரிகிறது. பரவாயில்லை. கோபத்தில்தான் உனக்கு மூளை வேலை செய்யும், அது எனக்குப் பிடிக்கும்.

சாண்ட்விச் விஷயம் எனக்குத் தெரியாது. அவன் என்னிடம் சொல்லவே இல்லை. என் புருஷன் செத்ததற்கு ஒரு குழந்தை தன்னைக் காரணமாக நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது, நான் அவனுக்குப் பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லை. இரண்டு நாள் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

நீ சொன்னபடி செய்கிறேன். ஆனால் என் வழியில். ஒரு தட்டு போதாது. கறித் தட்டு தொடாமல் இருந்தால், அவன் உயிரோடிருந்து தொடாமல் போனானா, இல்லை யாருமே வரவில்லையா என்று எப்படித் தெரியும்? அதனால் இரண்டு தட்டு. ஒன்றில் கறியும் கிழங்கும் கோஸும், பக்கத்திலேயே இன்னொன்றில் காட் மீன் உருண்டை. மூன்று மணிக்குக் கோயிலில் சிலுவைப் பாதை ஜபத்துக்குப் போவேன். ரோஸலீனும் அவள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் ஆறு மணிக்குத்தான் சாப்பிட வருகிறார்கள். நடுவில் வீடு காலி.

மீன் குறைந்திருந்தால் என் பிள்ளை உயிரோடு இருக்கிறான். அப்புறம் என்னை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கறி குறைந்திருந்தால் லேஹி சாமியாருக்கு நானே எழுதுகிறேன், பூசையும் வைக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறேன், அந்த பஸ் டிரைவர் முகத்தையும் பார்க்கிறேன்.

கசாப்புக் கடையில் நெஞ்சுக்கறி சொல்லிவைத்துவிட்டேன். சாம்பல் நிறத்தில் இருப்பது. நியூயார்க்காரர்கள் தின்கிற சிவப்புக் கறியைக் காட்டினான். முறைத்தேன், உள்ளே எடுத்து வைத்துவிட்டான்.

லொரெட்டா


பேங்கர்
மார்ச் 9

அத்தை,

வேண்டாம்.

அதை எழுதித் தபாலில் போட்ட மறுநாளே வருத்தப்பட்டேன். உங்களைக் குத்த வேண்டும் என்று எழுதினேன். நீங்கள் உண்மையிலேயே செய்வீர்கள் என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இல்லை, தெரிந்துதான் எழுதினேனோ என்னவோ.

மீன் தட்டு காலியாக இருந்தால் நான் என்ன செய்வேன்? அதை யோசித்தீர்களா? நீங்கள் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த வருடத்துக்குக் காத்திருப்பீர்கள். நான் எந்த ஊருக்குப் போய் எந்த முதுகைப் பார்ப்பேன்? வால்ட்டரிடம் என்ன சொல்வேன்? "எங்க மாமியார் மீன் வச்சாங்க, அது காணோம், அதனால கல்யாணம் வேண்டாம்" என்றா?

நேற்று வால்ட்டர் என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்து உப்புக் கறி வாங்கி அவர் வீட்டில் வேக வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் அந்த வாசனை. வாசற்படியைத் தாண்ட என்னால் முடியவில்லை. உங்கள் சமையலறைக்குள் காலை வைப்பது மாதிரி இருந்தது, உள்ளே அவர் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. பனியில் நின்று அழுதேன். வால்ட்டர் கறியைச் சட்டியோடு கொல்லைக்கு எடுத்துப் போய்க் கொட்டிவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து என்னோடு நின்றார். "முட்டை பொரிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த மனிதரோடு எனக்கு ஒரு சமையலறை வேண்டும், அத்தை. அதில் யாரும் வரக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தட்டு வைக்காதீர்கள். பானையை மேல்தட்டிலேயே வைத்துவிடுங்கள்.

பெர்னி


ஹோலியோக்
மார்ச் 18

பெர்னி,

உன் கடிதம் கிடைத்தது. ஆனாலும் வைத்தேன்.

விடிகாலையில் பானையைப் போட்டேன். நீ சொன்னபடி கிழங்கு அடியில், கறி மேலே. கோஸ் போடும்வரை மூடியை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை, அதற்காகவே இரண்டு தடவை மாடிக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். நடுப்பகல் தாண்டியதும் கோஸைப் போட்டேன். கறி கத்தி வைத்தவுடனே விலகியது. அடுப்பில் எனக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. இதை நான் ஒத்துக்கொள்ள வேண்டியிருப்பது வருத்தம்தான்.

இரண்டு தட்டையும் வைத்துவிட்டு, பின்கதவைத் தாழிடாமல் கோயிலுக்குப் போனேன். ஆயர் இந்த வருடமும் அனுமதி கொடுத்திருந்தார், கோயில் வாசலில் எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலுவைப் பாதை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தேன்.

கறித் தட்டு காலி. மீன் உருண்டை வைத்தது வைத்தபடி இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது. அவன் செத்துவிட்டான். உயிரோடு இருந்தால் வெள்ளிக்கிழமை தொட்டிருக்க மாட்டான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆறு மணிக்கு ரோஸலீன் வீட்டார் வந்தார்கள். பிள்ளைகள் கறியை வளைத்துக்கட்டிச் சாப்பிட்டார்கள். "என்னம்மா, இன்னிக்கு அண்ணன் தட்டைக் காணோம்?" என்று ரோஸலீன் கேட்டாள். "இனிமே வைக்க மாட்டேன்" என்றேன். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று காலை லேஹி சாமியாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் மகன் டெனிஸ் ஸ்கேன்லன் இறந்துவிட்டான் என்று தாயாகிய நான் நம்புகிறேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். ஈஸ்டர் கழிந்து அவனுக்காகப் பூசை. நீ வர வேண்டாம், தூரம். அந்த மனிதரோடு இரு.

லொரெட்டா


பேங்கர்
ஈஸ்டர் திங்கள், மார்ச் 27

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. முதல் தடவை தரையில் உட்கார்ந்து அழுதேன். ஏழு வருடமாக அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. பிறகு நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்து கடைத்தெருவுக்குப் போனேன், ஒருத்தர் முதுகையும் பார்க்கவில்லை.

நேற்று ரோஸலீன் போன் செய்தாள், ஈஸ்டர் வாழ்த்துச் சொல்ல. பேச்சுவாக்கில் இரண்டு விஷயம் சொன்னாள். திருநாள் ராத்திரிச் சாப்பாட்டில் நீங்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையாம், வயிறு நிறைந்திருக்கிறது என்றீர்களாம். நேற்று ஈஸ்டர் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போகவில்லையாம். "அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சு பெர்னி. குருத்து ஞாயிறும் போகலை, ஈஸ்டரும் போகலை. கேட்டா முழங்கால் வலிங்கறா. முழங்கால் வலியோட அப்பா சமாதி வரைக்கும் நடந்து போறா" என்றாள்.

ஈஸ்டர் நன்மையை நீங்கள் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் கூடப் போவீர்கள்.

கேட்காமல் விட்டுவிடலாம். கேட்காமல் விட்டால் எனக்குத்தான் நல்லது. வால்ட்டரிடம் ஜூன் மாதம் என்று சொல்லிவிட்டேன், அவர் பஸ்ஸைக் கழுவிக்கொண்டு பாடுகிறார். ஆனால் இதைக் கேட்காமல் நான் அவர் பக்கத்தில் நின்று வாக்குக் கொடுத்தால் அந்த வாக்குக்கு என்ன மதிப்பு?

அந்தக் கறியைச் சாப்பிட்டது நீங்கள்தானே, அத்தை? எனக்காக?

பெர்னி


ஹோலியோக்
ஏப்ரல் 2

என் பெர்னிக்கு,

ரோஸலீனுக்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும், வாய்க்கு.

நான்தான் சாப்பிட்டேன்.

முட்டை பொரிக்கட்டுமா என்று கேட்ட மனிதரைப் பற்றி எழுதியிருந்தாயே, சிலுவைப் பாதையில் ஒவ்வொரு நிலையிலும் முழங்கால் போடும்போது அதுதான் மனதில் ஓடியது, ஆண்டவர் மன்னிக்கட்டும். ஏசு மூன்றாம் தடவை விழும் இடத்தில் நான் முடிவு பண்ணிவிட்டேன். வீட்டுக்குப் போய் எந்தத் தட்டு எப்படி இருந்தாலும் சரி, கறியைச் சாப்பிட்டுவிட்டு உனக்கு எழுத வேண்டியதை எழுதுவது என்று. என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நான் நம்புவதற்கு நீ எத்தனை நாள் வாடகை கொடுப்பாய்? ஒரு வார்த்தையில் உன்னை விடுவிக்க முடியும் என்றால் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

ஆயர் அனுமதி கொடுத்தது திருநாள் கொண்டாடுகிறவர்களுக்கு, பொய் சொல்வதற்காகச் சாப்பிடுகிறவளுக்கு இல்லை. பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாது, அதனால்தான் போகவில்லை. லேஹி சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் அவருக்கு எழுதிக் கொடுத்ததற்கு அர்த்தமில்லை. ஈஸ்டருக்கு அப்புறம் போலந்துக்காரர்கள் கோயிலுக்குப் போனேன். அந்தச் சாமியாருக்குக் காது மந்தம். "கறியா? எவ்வளவு கறி?" என்று பின்னால் நிற்கிற வரிசைக்குக் கேட்கும்படி கேட்டார். ஜபமாலை சொல்லச் சொல்லி அனுப்பினார். இன்று காலை நன்மை வாங்கினேன், ரோஸலீனிடம் சொல்லிவிடு.

இனி மீதியைக் கேள். சாமியாரிடம் சொல்லாதது இது, ஏனென்றால் இது பாவமில்லை.

சமையலறைக்குள் வந்தேன். மீன் தட்டு தொடாமல் இருந்தது. டெனிஸ் நாற்காலியில் உட்கார்ந்தேன், இத்தனை வருடத்தில் நான் அதில் உட்கார்ந்ததில்லை. கறித் தட்டை இழுத்து வைத்து, மனதைத் திடப்படுத்திக்கொண்டு முள்கரண்டியை எடுத்தேன். அப்புறம்தான் தட்டைச் சரியாகப் பார்த்தேன்.

நான் மூன்று துண்டு வைத்திருந்தேன். இரண்டுதான் இருந்தது. ஒரு கிழங்கைப் பிட்டுப் பாதி எடுத்திருந்தது. அந்த இடத்திலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது, மற்றதெல்லாம் ஆறியிருந்தது.

எனக்குப் பயமாக இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருப்பேனோ என்று நினைத்தேன். பார்க்காததே நல்லது என்றும் நினைத்தேன். பிறகு அவன் மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டேன், ஒரு துளி விடாமல். அவன் சின்னவனாக இருந்தபோது அவன் தட்டில் மிஞ்சியதை யார் சாப்பிட்டார்கள்? நான்தானே. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். பின்கதவைத் தாழிட்டேன்.

உனக்குப் பொய் சொல்லத்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆனால் எழுதிக் கொடுத்தது பொய்யில்லை. ஜூனில் வருகிறேன். அவன் உன்னை விட்டு எங்கேயும் ஓடிப்போகவில்லை, பெர்னி. அவன் செத்துத்தான் போனான்.

உன் அத்தை
லொரெட்டா